தே-ஓ ஐஸ் வந்த வழி



உச்சி வெயில் நேரம். விடியலில் பெரட்டுக்குப் போன அப்பா, பால் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்புகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. "அம்மாடி, குடிக்க ஏதாவது கொண்டா" என்கிறார். மகள் ஐஸ் பெட்டியைத் திறக்கிறாள். காலையில் அம்மா காய்ச்சி வைத்த சாயத் தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி, இரண்டு ஐஸ் கட்டியைப் போட்டு, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து நீட்டுகிறாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அப்பாடா!" என்று திண்ணையில் சாய்கிறார் அப்பா.

இது நம் வீடுகளில் நடக்கும் மிகச் சாதாரணமான காட்சி. ஆனால் அந்த ஒரு கிளாஸுக்குள் எத்தனை நாடுகளின் உழைப்பு அடங்கியிருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கடையில் போய் 'தே-ஓ ஐஸ்' என்று கேட்கிறோம். 'தே' என்பது தென் சீனத்து ஹொக்கியன் மக்கள் தேயிலைக்கு வழங்கிய பெயர். 'ஓ' என்பது அதே மொழியில் கறுப்பைக் குறிக்கும் சொல். 'ஐஸ்' ஆங்கிலம். கேட்பவர் தமிழர். கலக்கிக் கொடுப்பவர் மலாய்க்காரராகவோ, சீனராகவோ, மாமாக் கடைக்காரராகவோ இருக்கலாம். நம் 'தேயிலை' என்ற சொல்லின் தலையிலும் அந்தச் சீனத்துத் 'தே'தான் அமர்ந்திருக்கிறது.

ஆக, இந்தக் கிளாஸில் மூன்று பொருள்கள் சேர்கின்றன: தேயிலை, பனிக்கட்டி, தண்ணீர். இந்த மூன்றும் எந்த வழியாக நம் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தன என்பதையும், அவற்றை வீட்டில் எப்படிப் பக்குவமாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதையும் இன்றைய உரையில் பார்ப்போம்.

முதலில் தேயிலை.

தேநீர் குடிக்கும் பழக்கம் சீன மக்களிடம் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. இந்தியாவில் அப்படி இல்லை. அஸ்ஸாம் காடுகளில் தேயிலைச் செடி தானாகவே வளர்ந்து கிடப்பதை 1823ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் என்பவர் அறிந்தார். 1839இல் அஸ்ஸாம் தேயிலை முதன்முதலாக இலண்டனில் ஏலம் போடப்பட்டது. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1869இல், இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் புகுந்தது. காப்பி அழிந்தது, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. காப்பிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கைகளே பின்னர் தேயிலைக் கொழுந்தையும் கிள்ளின.

மலாயாவுக்குத் தேயிலை இன்னும் தாமதமாகத்தான் வந்தது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் மலைகளில் ஒரு மேட்டுநிலத்தைக் கண்டு குறித்து வைத்தார். அவர் பெயரைத் தாங்கியதே கேமரன் மலை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு, அங்கே போ தோட்டத்தைத் தொடங்கினார். காடு வெட்டியதிலும், சரிவில் செடி நட்டதிலும், முதுகில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளியதிலும் நம் மக்களின் பங்கு எவ்வளவு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் நேயர்களே, ஒன்றை இங்கே சிந்திக்க வேண்டும். தேயிலையை விளைவித்த மக்கள் தொடக்கத்தில் தேநீர் குடிக்கும் மக்களாக இருக்கவில்லை. ஊரிலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமாருக்குக் காலையில் தெரிந்தது நீராகாரம். வெயிலுக்குத் தெரிந்தது மோர். பசிக்குத் தெரிந்தது கஞ்சி. நல்ல இலை பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறிப் போனது. மலிவான தூள்தான் உள்ளூர்ச் சந்தைக்கு வந்தது. அந்தத் தூளில்தான் நாம் தேநீர் குடிக்கப் பழகினோம். 1930களில் உலகச் சந்தையில் தேயிலை தேங்கியபோது, தேயிலை வாணிபத்தார் இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று தேநீர் கலக்கிக் காட்டி விளம்பரம் செய்தார்கள். இன்று 'டீ குடிக்காவிட்டால் தலை வலிக்கிறது' என்று சொல்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு வயது அவ்வளவுதான்.

இனி பனிக்கட்டிக்கு வருவோம். இதன் கதை தேயிலைக் கதையைவிட வியப்பானது.

வெப்ப நாட்டு மக்களுக்குக் குளிர்ச்சியின் அருமை எப்போதும் தெரியும். நம் முன்னோர் மண்பானையில் தண்ணீர் வைத்தார்கள். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அக்பர் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் குடிநீர்ப் பாத்திரத்தைச் சுழற்றிக் குளிர்வித்தார்கள் என்று அபுல் பசல் எழுதியிருக்கிறார். வட இந்தியாவில் குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடியற்காலையில் மெல்லிய பனித்தகட்டைச் சேகரிப்பார்கள். சென்னையிலோ, பினாங்கிலோ, சிங்கப்பூரிலோ இது நடக்காது. இங்கே இரவும் புழுக்கம்தானே!

அப்படிப்பட்ட ஊர்களுக்குப் பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து விற்கலாம் என்று ஓர் அமெரிக்கர் கனவு கண்டார். அவர் பெயர் பிரடெரிக் டியூடர், பாஸ்டன் நகரத்துக்காரர். அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து பாறையாகிவிடும். அந்தப் பனியை வெட்டி விற்றால் என்ன என்று எண்ணினார். 1806இல் சுமார் 130 டன் பனிக்கட்டியை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினீக்குக்கு அனுப்பினார். ஊரே சிரித்தது. பனிக்கட்டி போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதைச் சேமித்து வைக்க இடமில்லை. கைப்பணம் கரைந்தது. பின்னர்க் கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனாலும் அவர் விடவில்லை.

அவருக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? மரத்தூள்! மர ஆலைகளில் குப்பையாகக் குவிந்து கிடந்த மரத்தூளைப் பனிக்கட்டிகளுக்கு இடையில் திணித்து வைத்தால், வெளிச் சூடு உள்ளே புகுவது குறைகிறது என்று கண்டார். 1825 வாக்கில் வையெத் என்பவர் குதிரை இழுக்கும் பனி வெட்டும் கலப்பையைச் செய்தார். ஏரியில் நேர்கோடு கிழித்து, ஒரே அளவாகக் கட்டிகளை அறுத்தெடுக்க அது உதவியது. கட்டிகள் நெருக்கமாக அடுங்கின; உருகுவது குறைந்தது.

1833ஆம் ஆண்டு மே மாதம், டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரு முறை கடக்க வேண்டும். செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மீதி இருந்தது. பிறகு சென்னைக் கடற்கரையிலும் ஒரு பெரிய பனிக்கட்டிக் கிடங்கு, 1842இல் எழுந்தது. சுவாமி விவேகானந்தர் 1897இல் தங்கியதால் அந்த வட்டக் கட்டடம் பின்னாளில் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. ஆனால் அந்தப் பகுதிக்குச் சென்னை மக்கள் வழங்கும் பெயர் இன்றும் 'ஐஸ் அவுஸ்'தான். நம்மில் பலருடைய பாட்டன்மார் ஆவடி முகாமில் தங்கிச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அந்தக் கப்பல்கள் புறப்பட்ட அதே கடலோரத்தில்தான் ஒரு காலத்தில் அமெரிக்க ஏரியின் பனிக்கட்டி வந்து இறங்கியது.

சிங்கப்பூரில் இந்த முயற்சியில் இறங்கியவர் 'வாம்போவா' என்று எல்லாரும் அழைத்த ஹூ ஆ கேய். சீனத்து வாம்போவாவில் பிறந்து, 1830இல் சிங்கப்பூர் வந்து, கப்பல்களுக்கு உணவுப் பொருள் வழங்கிப் பெரும் வணிகரானவர். அவரும் கில்பர்ட் ஆங்கஸ் என்பவரும் சேர்ந்து 1854இல் சிங்கப்பூர் ஆற்றின் அருகே ஒரு பனிக்கட்டிக் கிடங்கைத் தொடங்கினார்கள். டியூடரின் நிறுவனத்துப் பனிக்கட்டியே அங்கும் வந்தது. ஆனால் வாங்குவோர் போதவில்லை. தொழில் அதிக நாள் நிலைக்கவில்லை.

வாங்கியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். துரைமாரும் பெரு வணிகரும்தாம். அதே காலத்தில் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்களில் நம் தமிழ் மக்கள் வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். அந்தக் கரும்பிலிருந்து வந்த சர்க்கரை துரைவீட்டுக் கிளாஸில் கரைந்தது. நம்மவருக்குக் கிடைத்தது பானைத் தண்ணீர். சில இடங்களில் ஓடைத் தண்ணீர்.

சரி, பனிக்கட்டி எப்படி ஏழைக்கும் எட்டியது? அதற்கு வழி செய்தது இயந்திரம். 1834இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் இலண்டனில் குளிரூட்டும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். எளிதில் ஆவியாகும் ஒரு நீர்மத்தை ஆவியாக்கி, அது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளச் செய்து, பின் அந்த ஆவியை அழுத்தி மீண்டும் நீர்மமாக்குவதே அதன் முறை. இன்று நம் வீட்டு ஐஸ் பெட்டியும் இதே முறையில்தான் இயங்குகிறது. மண்பானையில் தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுப்பதும், ஐஸ் பெட்டிக் குழாயில் வேறொரு நீர்மம் ஆவியாகிச் சூட்டை எடுப்பதும் ஒரே இயற்கை விதி. பானையும் பெட்டியும் ஒரு குலம் என்றே சொல்லலாம்.

அமெரிக்காவின் புளோரிடாவில் ஜான் கோரி என்ற மருத்துவர் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க விரும்பிப் பனிக்கட்டி இயந்திரம் செய்து, 1851இல் உரிமை பெற்றார். அதை ஆதரிக்க ஆளில்லாமல் 1855இல் மறைந்தார். 1870களில் ஜெர்மானியப் பேராசிரியர் கார்ல் லிண்டே அம்மோனியாவைக் கொண்டு இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். அதன்பின் வெப்ப நாட்டு நகரங்களில் பனிக்கட்டி ஆலைகள் வரலாயின. அமெரிக்க ஏரிப் பனி சிறிது சிறிதாகத் தன் சந்தையை இழந்தது.

ஆலை வந்த பிறகும் மரத்தூள் போகவில்லை! டவுனில் ஐஸ் கட்டி விற்றவரைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். நீண்ட பாளத்தின்மேல் மரத்தூள் அப்பி, கோணிச்சாக்கைச் சுற்றிச் சைக்கிளின் பின்னால் கட்டி வருவார். இரம்பத்தால் அறுத்து, வைக்கோல் கயிற்றில் கட்டித் தருவார். தோட்டத்துப் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வீடு சேர்வதற்குள் பாதி உருகிவிடும். சீவிய பனியை உருண்டை பிடித்து, சிவப்புச் சீனிப்பாகு ஊற்றிக் கையில் கொடுக்கும் 'ஐஸ் பால்' வேறு இருந்தது. டியூடர் காலத்து மரத்தூள் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கோணிச்சாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது என்றால் வியப்பல்லவா?

இப்போது தேநீரும் பனிக்கட்டியும் சந்தித்த கதை.

1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. இந்தியத் தேயிலையை அங்கே விளம்பரப்படுத்தும் பொறுப்பு ரிச்சர்ட் பிளெச்சின்டன் என்ற அதிகாரியிடம் இருந்தது. கொளுத்தும் கோடை. சூடான தேநீரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அதில் பனிக்கட்டியைப் போட்டுக் கொடுத்தார், கூட்டம் அலைமோதியது, அன்றுதான் ஐஸ் தேநீர் பிறந்தது என்று பல புத்தகங்கள் சொல்கின்றன.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு அதை முழுதும் ஏற்கவில்லை. 1877இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சமையல் நூலிலேயே ஐஸ் தேநீர் செய்முறை இருக்கிறது. அதைத் தொகுத்தவர் மேரியன் காபெல் டைரி என்ற அம்மையார். 1890இல் மிசூரி மாநிலத்து நெவாடா என்ற ஊரில் பழைய போர்வீரர்கள் கூடிய விருந்தொன்றில் 880 கேலன் ஐஸ் தேநீர் குடிக்கப்பட்டதாக அவ்வூர்ச் செய்தித்தாள் எழுதியது. ஆகவே, பிளெச்சின்டன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பரப்பினார் என்பதே சரி. அடுக்களையில் பெண்கள் என்றோ செய்து பழகியதை, சந்தையில் ஓர் ஆடவர் விற்றுப் பெயர் வாங்கினார். இப்படி எத்தனையோ நடந்திருக்கிறது. இல்லையா, தாய்மார்களே?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தேநீர் என்றால் கெட்டிப்பால் இல்லாமல் முடியாது. கெட்டிப்பாலுக்கு 1856இல் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் கெயில் போர்டன். சீனி சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பால், டின்னில் நெடுநாள் கெடாமல் இருந்தது. ஐஸ் பெட்டி இல்லாத வெப்ப நாட்டில் பாலைச் சேமிக்க அதுவே வழி. தே தாரேக்கும் தே ஐஸும் இனிப்பது அதனால்தான். காலியான பால் டின்னில் கயிறு கட்டி, அதில் காப்பியும் தேநீரும் வாங்கி வந்த காலமும் இருந்தது.

நேயர்களே, இதுவரை தேயிலையையும் பனிக்கட்டியையும் பார்த்தோம். மூன்றாவது பொருள் தண்ணீர். மூன்றிலும் இதுவே மிக முக்கியமானது.

வாம்போவா சிங்கப்பூரில் பனிக்கட்டிக் கிடங்கு திறந்த அதே 1854ஆம் ஆண்டில், இலண்டனில் பிராட் தெருவில் வாந்திபேதி பரவி 600 பேருக்கு மேல் மாண்டார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். மாண்டவர்களில் மிகப் பலர் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள். அந்தத் தெருவிலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்களோ அந்தத் தண்ணீரைக் குடிக்காததால் தப்பினார்கள். ஸ்னோவின் சொல்லைக் கேட்டு அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் கெட்ட காற்றால் வரவில்லை, தண்ணீரால் வருகிறது என்ற உண்மையை ஊர் ஏற்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆராய்ந்து, அந்தக் கிருமியைத் தனியே பிரித்துக் காட்டினார்.

நம் தோட்ட வரலாற்றிலும் இதே பாடம் கண்ணீரால் எழுதப்பட்டிருக்கிறது. தொடக்க காலத் தோட்டங்களில் மலேரியாவுக்கு அடுத்து நம் மக்களை வாரிக்கொண்டு போனவற்றுள் வயிற்றுக்கடுப்பும் பேதியும் முக்கியமானவை. காடழித்த இடத்தில் கிணறு இல்லை, கழிப்பிடம் இல்லை, ஓடை ஒன்றே எல்லாவற்றுக்கும். கொதிக்கவைத்த தண்ணீரைக் குடித்தவன் பிழைத்தான். ஒரு குவளைச் சாயத் தண்ணீர் உடல் களைப்பை மட்டும் தீர்க்கவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பழக்கத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. தேநீர் நமக்குச் செய்த பெரிய உதவி அது என்பேன்.

ஆனால் ஐஸ் சேரும்போது அந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகலாம். என் சிறு வயதில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தீமிதி முடிந்த கையோடு பிள்ளைகள் எல்லாரும் ஐஸ் தண்ணீருக்கு ஓடினோம். அடுத்த நாள் எங்கள் லயத்தில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். என் தம்பி மூன்று நாள் கண் திறக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஐயா, "காய்ச்சின தண்ணிதானே கொடுத்தோம்னு சொல்றீங்க. சரி, அதுல போட்ட ஐஸ் எந்தத் தண்ணி?" என்று கேட்டார். என் தாயாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தக் கேள்வியை எங்கள் தாயார் கடைசிவரை மறக்கவில்லை. வீட்டில் ஐஸ் பெட்டி வந்த பிறகும், காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தவிர வேறெதையும் ஐஸ் தட்டில் ஊற்ற விடமாட்டார்.

அவர் செய்தது முற்றிலும் சரி. குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும். உறைந்த பனிக்கட்டிக்குள் பல கிருமிகள் உயிரோடு கிடக்கும். கிளாஸில் உருகியதும் விழித்துக்கொள்ளும். கொதிப்பு அவற்றைக் கொல்லும். இந்த ஒரு செய்தியை மட்டும் நீங்கள் இன்று மனத்தில் வாங்கிக்கொண்டாலும் இந்த உரை பயன்பட்டதாகக் கொள்வேன்.

இனி, வீட்டில் ஐஸ் தேநீர் செய்து வைக்கும் முறையைச் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து, 3 அல்லது 4 தேக்கரண்டித் தூளைப் போட்டு மூடுங்கள். வழக்கத்தைவிடச் சற்றுக் கடுப்பாக இருக்க வேண்டும்; ஐஸ் உருகினால் நீர்த்துப் போகுமல்லவா? தூளாக இருந்தால் 3 நிமிடம், இலையாக இருந்தால் 5 நிமிடம் போதும். அதற்கு மேல் ஊறினாலும், தூளைப் போட்டுக் கொதிக்க விட்டாலும் துவர்ப்பும் கசப்பும் ஏறும். வடிகட்டி, சீனி வேண்டுமானால் சூட்டிலேயே கலக்குங்கள். ஆறிய தேநீரில் சீனி எளிதில் கரையாது, அடியில் தங்கிவிடும், கரையவில்லையே என்று மேலும் மேலும் போடத் தோன்றும்.

பிறகு ஆற வையுங்கள். பாத்திரத்தை ஒரு பேசின் தண்ணீரில் இறக்கி வைத்து, அந்தத் தண்ணீரை ஓரிரு முறை மாற்றினால் விரைவில் ஆறும். மூடி வைக்க மறக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். போத்தலை முன்னதாகச் சோப்பு நீரில் கழுவி, வெந்நீரில் அலசி வையுங்கள். மறுநாளுக்குள் குடித்து முடிப்பது நல்லது. எப்படியும் மூன்றாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். புளித்த வாடை வந்தாலும், நுரை கட்டினாலும், நூல் போல இழுத்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சில காசுத் தூளுக்காக வயிற்றைப் பணயம் வைக்கலாமா?

போத்தலில் தண்ணீரையும் தூளையும் போட்டு வெயிலில் வைத்துச் சாயம் இறக்கும் முறை ஒன்று சில நாடுகளில் உண்டு. வெயிலின் சூடு கிருமியைக் கொல்லப் போதாது, வளர்க்கத்தான் போதும். ஆகவே அது வேண்டாம். ஐஸ் தேநீரைக் கடைகளில் எப்படி வைக்க வேண்டும் என்பது பற்றி 1996இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆலோசனை சொன்னது. சுமார் 90 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் 3 முதல் 5 நிமிடம் ஊற வேண்டும். வெளியே 8 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு நேரமும் வேண்டாம் என்பது என் கருத்து.

ஐஸ் பெட்டியில் வைத்த தேநீர் சில நேரம் கலங்கித் தெரியும். கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளும் கபீனும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து ஏடுபோல் மிதப்பதால் வரும் கலங்கல் அது. சிறிது கொதிநீர் ஊற்றினால் தெளிந்துவிடும். எலுமிச்சையோ லீமாவ் கஸ்தூரியோ பிழிந்ததும் நிறம் வெளுப்பதும் புளிப்பின் வேலைதான். எலுமிச்சையைக் குடிக்கும்போது பிழியுங்கள். முன்கூட்டியே பிழிந்து வைத்தால் சுவை மாறும். பால் சேர்த்த தேநீரைச் சேமிக்காதீர்கள். அதை அப்போதே கலக்கி அப்போதே குடித்துவிட வேண்டும்.

வேலைக்காட்டுக்குக் கொண்டுபோகப் பிளாஸ்க் நல்ல துணை. 1892இல் ஜேம்ஸ் டூவர் என்ற அறிவியலாளர் தம் ஆய்வுக்காகச் செய்தது அது. இரண்டு சுவர்களுக்கு இடையில் காற்றை உறிஞ்சிவிட்டால் சூடு எளிதில் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஆகையால் சுடச்சுட ஊற்றினால் சூடாகவும், ஐஸோடு ஊற்றினால் குளிராகவும் இருக்கும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது சீனி. நீரிழிவு நம் நாட்டில் இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகமாகக் காணப்படுகிறது. குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். அதனால் கூடுதலாகப் போட்டுவிடுகிறோம். ஒரு லிட்டருக்கு 4 தேக்கரண்டியில் தொடங்கி, மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள், நாக்கு பழகிவிடும். இரண்டாவது, சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தேயிலையின் துவர்ப்பு தடுக்கிறது. இரத்தக் குறைவுள்ள பெண்களும், கர்ப்பிணித் தாய்மாரும், வளரும் பிள்ளைகளும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் குடிப்பது நலம். கைக்குழந்தைகளுக்குத் தேநீர் கொடுக்கவே வேண்டாம்.

அன்பு நேயர்களே, ஒரு காலத்தில் பனிக்கட்டி துரைமார் வீட்டு விருந்தாக இருந்தது. தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் இயந்திர விளக்கு எரிந்த காலத்தில், ஐஸ் பெட்டி நமக்குக் கனவாக இருந்தது. இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. பலர் டவுனுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். ஐஸ் பெட்டி நம் வீட்டு மூலையில் சாதாரணமாக நிற்கிறது. தேயிலையை நட்டவர்கள் நாம். கரும்பை வெட்டியவர்கள் நாம். அந்தக் கிளாஸ் நம் கைக்கு வந்து சேரத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

வந்து சேர்ந்ததை நலமாகக் குடிப்போம். அடுத்த முறை ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றப் போகும்போது, அந்த டிரசர் ஐயாவின் கேள்வியை ஒரு முறை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எந்தத் தண்ணீர்?